குளிர்பெட்டிக்கு நம்பிக்கை வரவில்லை

எங்கள் கண் வங்கியின் குளிர்பெட்டி ஒரு திங்கட்கிழமை காலையில் என்னை நம்ப மறுத்துவிட்டது.

வழக்கம்போல அடையாள அட்டையைக் காட்டினேன். அட்டையில் என் முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டிய களைப்பும் அந்த முகத்திலேயே இருக்கிறது. பெட்டியின் நெற்றியில் உள்ள சின்னத் திரையில் சிவப்பு எழுத்து ஓடியது: 'சான்றிதழ் வழங்கியவர் யாரென்று தெரியவில்லை. நம்ப இயலாது.' அட்டையைக் கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினேன். மறுபடியும் இயலாது. ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். பெட்டிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

உள்ளே ஒரு கண் இருந்தது. முழுக் கண் இல்லை. கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்தச் சவ்வு. மருந்து நீரில் போட்டுக் குளிரில் வைத்தால் நாலு நாள் தாங்கும். சனிக்கிழமை இறந்துபோன ஒரு டீச்சரின் கண் அது. எடுக்கப் போனது நான்தான். அவருடைய மகள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, "வீணாப் போயிடாதில்ல அக்கா?" என்று கேட்டாள். "என் பொறுப்பும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜோடியில் ஒன்று ஞாயிறன்றே வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மற்றது எங்கள் தையல்காரருக்கு.

தையல்காரர் மாடி வார்டில் வெறும் வயிற்றோடு படுத்திருந்தார். ரெண்டு கண்ணிலும் பால் படர்ந்து வருஷக்கணக்காகிறது. நூல் கோத்துக் கொடுப்பது அவர் மனைவி, கை நிதானத்தில் தைப்பது இவர். போன மாதம் ஒருத்தருக்குச் சட்டைப் பையின் மேல்வாயையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டாராம். "உள்ள வெச்சது எங்கயும் போகாதுன்னு சொல்லிச் சமாளிச்சேன்மா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது அந்த அக்காவுக்குத் தெரியும்.

"பெட்டி திறக்கலையா? உடைங்க" என்றார் டாக்டர்.

"இரும்பு லாக்கர் மாதிரி செஞ்சிருக்காங்க டாக்டர். வெட்டித்தான் எடுக்கணும். வெட்டற சூட்டுல உள்ள இருக்கிறது அவிஞ்சு போயிடும்."

டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையுறையைக் கழற்றித் தொட்டியில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எல்லார் பெயரும் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை டைரக்டரி என்பார்கள். நான் அட்டையைக் காட்டியதும் குளிர்பெட்டி அந்த டைரக்டரியிடம், 'இந்த அம்மா யாரு, கதவைத் திறக்கலாமா?' என்று கேட்கும். முன்பெல்லாம் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் யாராவது ஒட்டுக் கேட்டால் என்ன ஆவது என்று இப்போது ரகசியமாகக் கேட்கிறது. ரகசியம் பேசுவதற்கு முன்னால், எதிரில் இருப்பது டைரக்டரிதானா, வேறு யாராவது வேஷம் போட்டு நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? அதற்காக டைரக்டரி ஒரு சான்றிதழை நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டவர் குளிர்பெட்டிக்குத் தெரிந்தவராக இருந்தால் சரி. ஞாயிற்றுக்கிழமை பழைய சான்றிதழை எடுத்துவிட்டு, வேறொருவர் கையெழுத்தோடு புதுசு வைத்திருக்கிறார்கள். அந்தப் புதுக் கையெழுத்துக்காரரைக் குளிர்பெட்டிக்கு அறிமுகம் செய்துவைக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். இது எனக்கு விளங்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. உங்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அறிமுகம் செய்துவைக்கும் அதிகாரம் நம்பிக்கைப் பிரிவுக்கு மட்டும்தான் உண்டு. பக்கத்துக் கட்டிடம், கடைசி மாடி. வாசலில் பித்தளைப் பலகை: 'நம்பிக்கைப் பிரிவு'. அதற்குக் கீழேயே, 'யாரையும் நம்பாதீர்கள்'. உள்ளே நாற்காலிகளை மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, 'இந்த நேரம் சரிபார்க்கப்படவில்லை' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

இடைநிலை அதிகாரி என்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பேச்சில் சர்க்கரை. அதுதான் வினையே. கோபப்படவும் முடியாது.

"குளிர்பெட்டி வந்திருக்கா?"

"இல்லைங்க. நான்தான் வந்திருக்கேன்."

"விண்ணப்பம் பெட்டியோடதாச்சே. நீங்க வந்தா எப்படி?"

"சார், அது நாலு ஆள் தூக்கற கனம். கரண்ட்டைப் பிடுங்கினா உள்ள இருக்கிற கண்ணு போயிடும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, உங்களுக்காகச் செய்யறேன். பெட்டியோட பிரதிநிதின்னு போட்டுக்கலாம்."

என்னை நிற்க வைத்து, வலது கையைத் தூக்கச் சொல்லி, 'இக்குளிர்பெட்டியின் சார்பில், இனி எவரையும் எளிதில் நம்பமாட்டேன் என உறுதி கூறுகிறேன்' என்று சொல்ல வைத்தார்கள். கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள். அதில் 'குளிர்பெட்டி' என்று போட்டிருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அந்த மாடியில் எனக்கு வேறு பெயர் கிடையாது. "குளிர்பெட்டி கொஞ்சம் உக்காருங்க." "குளிர்பெட்டி டீ சாப்பிடுவாங்களா, கேளு."

"எப்ப சார் ஆகும்?" என்றேன்.

"நம்பிக்கைங்கறது ஒரு சங்கிலிம்மா" என்று அவர் ஆரம்பித்தார். "நான் நடுக்கண்ணி. எனக்கு மேல ஒருத்தர் என்னை நம்பறார். நான் எனக்குக் கீழ உள்ளவங்களை நம்பறேன்னு அவர்கிட்ட சொல்றேன். அவர் தலையாட்டுவார். கீழ உள்ளவங்களும் தலையாட்டுவாங்க. இப்படித்தான் வருஷக்கணக்கா போகுது. இதுல வேலை பாக்கறது யாருன்னு மட்டும் கேட்டுடாதீங்க. சங்கிலியில அந்தக் கண்ணியே கிடையாது."

பெருமையாகத்தான் சொன்னார்.

முதலில் ஒப்புநோக்கும் சடங்கு நடந்தது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் எழுத்தும் எண்ணுமாக அனுமார் வால் நீளத்துக்கு ஓர் அடையாளக் கோவை இருக்கும். அதை ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து போனில் வாசிப்பார். இன்னொருவர் அடுத்த அறையில் உட்கார்ந்து தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டுத் திருப்பிச் சொல்வார். முகத்தைப் பார்த்தால் நட்பு வந்துவிடுமாம், அதனால் நடுவில் சுவர். மூன்றாமவர் ரெண்டு குரலையும் கேட்டுச் சாட்சி சொல்வார். நாலாவதாகக் குளிர்பெட்டி, அதாவது நான், கூட இருக்க வேண்டும்.

வாசித்தவருக்கு ஜலதோஷம். முக்கால்வாசி போனபோது தும்மிவிட்டார். சாட்சி கையைத் தூக்கினார். "தும்மல் கோவையில் இல்லை." முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ரெண்டாம் தடவை டீ வந்து, "சர்க்கரை போதுமா?" என்று யாரோ கேட்க, எதிர் அறைக்காரர் அதையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லிவிட்டார். மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் ஒருவழியாகக் கடைசி எழுத்து வரைக்கும் பொருந்தியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஜலதோஷக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அசடு மாதிரி கைதட்டினேன்.

"அப்பாடா. திறந்துடலாமா சார்?"

"இதுதான் அந்தச் சான்றிதழ்னு நிரூபணம் ஆயிருக்கு" என்றார் இடைநிலை. "அதை நம்பலாமான்னு கமிட்டிதான் சொல்லணும். வியாழக்கிழமை கூடறாங்க."

"கண்ணு புதன்கிழமையோட கெட்டுப் போயிடும் சார்."

"காலாவதி ஆகுதுன்னு சொல்லுங்க" என்று திருத்தினார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆகறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே புதுப்பிக்க மனு கொடுத்திருக்கணுமேம்மா. எல்லாரும் கடைசி நேரத்துல ஓடி வர்றீங்க."

"ஒரு மாசம் முன்னாடி அந்த டீச்சர் அந்தக் கண்ணால பாத்துக்கிட்டு இருந்தாங்க சார்."

"அது எங்க வரம்புக்குள்ள வராதும்மா."

செவ்வாய்க்கிழமை, அவசரச் சாவி என்று ஒன்று இருப்பதாக எங்கள் நர்ஸ் விதிப் புத்தகத்தில் கண்டுபிடித்துச் சொன்னாள். மூச்சிரைக்க மறுபடி மாடியேறினேன். சாவி இருப்பது உண்மைதான் என்றார்கள். சுவரில் பதித்த ஒரு லாக்கரைக் காட்டினார்கள். அதன் நெற்றியிலும் அதே சின்னத் திரை, அதே சிவப்பு எழுத்து. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லாக்கருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. "பாதுகாப்பு எவ்வளவு கச்சிதமா இருக்கு பாருங்க" என்று ஜலதோஷக்காரர் லாக்கரைத் தடவிக் கொடுத்தார்.

வார்டுக்குத் திரும்பினால் தையல்காரர் ரெண்டாவது நாளாக ஆபரேஷனுக்குத் தயாராகிப் பட்டினி கிடந்தார். அவர் மனைவி என்னை நடைபாதைக்கு இழுத்துப்போய், "ஏன் தங்கச்சி, யாரோ போட்ட கையெழுத்து சரியில்லையாமே? எங்க வீட்டுக்காரர் வேணா போட்டுத் தரட்டுமா? கண்ணு தெரியலைன்னாலும் கையெழுத்து நல்லாப் போடுவார்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நாளைக்குள் திறக்கவில்லை என்றால் இவர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த கண் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? டீச்சரின் மகளிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பேன்?

புதன்கிழமை காலையில் நர்ஸிடம், "நீ பெட்டிக்கு முன்னாடியே நில்லுடி. நகர்ந்தே, கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு, நேராக ஆணிவேரின் அறை வாசலில் போய் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. கதவு திறந்தது.

ஆணிவேர் என்பது நம்பிக்கைப் பிரிவின் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். எல்லாச் சான்றிதழும் மேலே மேலே போய்க் கடைசியில் அவரிடம் முடிவதால் அந்தப் பெயர். அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அறைச் சுவரில் ஒரே ஒரு சான்றிதழ், தங்கச் சட்டத்தில். 'பெறுபவர்: தலைவர், நம்பிக்கைப் பிரிவு. வழங்குபவர்: தலைவர், நம்பிக்கைப் பிரிவு.'

நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க" என்றார். "மத்தவங்களுக்கெல்லாம் நான் சான்று கொடுக்கறேன். எனக்கு யார் கொடுக்கறதுன்னு ஒரு கேள்வி வந்தது. பெரிய கேள்வி. எங்கெங்கேயோ தேடினோம். தகுதியானவர் ஒருத்தர்தான் கிடைச்சார்." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "வாங்கிக்கும்போது கூச்சமாத்தான் இருந்தது. ஆனா கொடுக்கறவர் மனசு நோகக்கூடாதே."

பின்னால் நின்ற இடைநிலை அதிகாரி தலையாட்டினார்.

"சார், எங்க பெட்டி திறக்கலை. இன்னைக்குத் திறக்கலைன்னா ஒருத்தர் கண்ணு போயிடும்."

"திறக்கலையா? யார் சொன்னது? ஞாயித்துக்கிழமை மாத்தினதிலிருந்து ஒரு புகார் கிடையாது."

"புகார் பண்ணவும் டைரக்டரி வழியாத்தான் உள்ள போகணும் சார். யாராலயும் போக முடியலை."

"பாத்தீங்களா, புகாரே இல்லை" என்று அவர் இடைநிலையைப் பார்த்துச் சொன்னார். "என் மிஷின்ல எல்லாம் ஜோரா ஓடுதே."

இடைநிலை அதிகாரி என் காதருகில் குனிந்து, பேச்சில் அதே சர்க்கரையோடு விளக்கினார். திங்கட்கிழமை காலையில் தலைவரின் மிஷினிலும் இதே சிவப்பு எழுத்து வந்ததாம். 'என்னையே கேள்வி கேக்குதா இது?' என்று தலைவர் கொதித்துவிட்டாராம். உடனே அந்த ஒரு மிஷினில் மட்டும் 'சரிபார்க்க வேண்டாம்' என்று மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது அது எதையும் பார்ப்பதில்லை. டைரக்டரி என்று சொல்லிக்கொண்டு யார் வந்து நின்றாலும் வாங்க உக்காருங்க என்கிறது.

"மொத்த ஆஸ்பத்திரியிலயும் அது ஒண்ணுதான் வேலை செய்யுது" என்று முடித்தார்.

தலைவர் திரையைத் திருப்பி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாகப் பூட்டுகள். மருந்துக் கிடங்கு, பிண அறை, மாடிக் கதவுகள். அவர் அனுப்பும் உத்தரவை எந்தப் பூட்டும் மறுபேச்சில்லாமல் கேட்கும். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. கெஞ்சினால் இவர் வியாழக்கிழமை என்பார். விதியைக் கேட்டால் விதியைச் சொல்வார். இந்த மனிதரைப் பிடிக்க வேறு இடம் இருக்கிறது.

கோட்டுப் பைக்குள் கையை விட்டு நர்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே, அலட்சியமாகச் சொன்னேன்: "இதெல்லாம் பெரிய பூட்டு சார். எங்களுது கண் வங்கியில ஒரு மூலையில கிடக்கற பெட்டி. அதெல்லாம் உங்க பார்வைக்கு எங்க வரப் போகுது."

"என்னம்மா சொன்னீங்க?"

"இருக்காது சார். இருந்தாலும் உங்க மிஷினுக்கு அது அடங்காது. முரட்டுப் பெட்டி."

இடைநிலை அதிகாரி வாயைத் திறந்தார். தலைவர் கையை நீட்டி அவரை அடக்கினார். கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்துக்கொண்டு பட்டியலில் தேடினார். கண்டுபிடித்தார். "அடங்காதா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு விரலால் ஒரே அழுத்து.

என் கோட்டுப் பைக்குள்ளிருந்து நர்ஸ் அலறினாள். "அக்கா! டொக்குன்னு சத்தம்! திறந்துடுச்சு!"

"எடுத்துட்டு ஓடுடி!" என்று என் இடுப்பைப் பார்த்துக் கத்தினேன்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு என் பை பேசியதெல்லாம் காதில் ஏறவே இல்லை. "பாத்தீங்களா? பெட்டியில ஒரு குறையும் கிடையாது. உங்ககிட்டதான் ஏதோ கோளாறு."

"ஆமா சார். எங்ககிட்டதான்" என்றேன். வாழ்க்கையில் யார் சொன்னதையும் அப்படி மனசார ஒப்புக்கொண்டதில்லை. கழுத்திலிருந்த குளிர்பெட்டி அட்டையைக் கழற்றி அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, படிகளில் விழுந்தடித்து ஓடினேன்.

மத்தியானம் ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் வெளியே வந்து கையுறையை எறியாமல் ஒழுங்காகக் கழற்றினார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்கே டீச்சரின் மகளைக் கூப்பிட்டு, வீணாகவில்லை என்று சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். நானும் போனை வைக்கவில்லை.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. புதுக் கையெழுத்துக்காரரைக் குளிர்பெட்டிக்கு அறிமுகம் செய்யும் விஷயத்தைத் தள்ளிவைத்தார்கள். குளிர்பெட்டி கூட்டத்துக்கு வரவில்லையாம். முறைப்படி தகவலும் சொல்லவில்லையாம். நான் அப்போது வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கமிட்டி முக்கியமான விஷயத்துக்கு வந்தது. நம்பிக்கை வழங்கப்படாத ஒரு பெட்டி எப்படித் திறந்தது? விசாரித்தார்கள், ஆழமாக விசாரித்தார்கள். முடிவை எல்லாருக்கும் சுற்றுக்கு அனுப்பினார்கள்: 'நிறுவனம் முழுவதிலும் ஒரே ஒரு இயந்திரம் மட்டும் இயங்கிவந்தது கண்டறியப்பட்டது. அக்குறை உடனடியாகக் களையப்பட்டது.' தலைவரின் அறையிலும் இப்போது சிவப்பு எழுத்துதான். அவர் கலங்கவில்லை. ஊழியர்களைக் கூட்டி வைத்து, "இன்றைக்குத்தான் இந்தப் பிரிவு முழுமை அடைந்திருக்கிறது. என்னையும் நம்பாத ஓர் அமைப்பை என் கையாலேயே உருவாக்கியிருக்கிறேன்" என்று பேசினார். பலத்த கைதட்டலாம்.

சில வாரம் கழித்துத் தையல்காரர் சோதனைக்கு வந்தார். பார்வை முழுசாகத் தெளிய இன்னும் மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தை இல்லை, கோட்டை.

"இது யாரும்மா தைச்சது? ஒரு கை நீளம், ஒரு கை குட்டை."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று மனைவி அதட்டினார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் துடைக்கவே இல்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இந்தக் கண்ணு பரவாயில்லை" என்றார் தையல்காரர். "அந்தக் கண்ணுக்கும் வரிசையில பேர் இருக்கில்லம்மா?"

இருந்தது. அடுத்த வாரமே அவர் முறையும் வந்தது. ஒரு பஸ் டிரைவர் இறந்துபோயிருந்தார். அவருடைய தம்பி போன் செய்தார். போய் எடுத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். டாக்டர் வெளியூரில், மறுநாள்தான் வருவார். குளிர்பெட்டியின் முன்னால் நின்றேன். சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மறுபடி மாடியேறி, தும்மல் கேட்டு, கைதட்டி, வியாழக்கிழமைக்குக் காத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஆளை விடுங்க என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, திரும்பிக் கேண்டீனுக்கு நடந்தேன்.

கேண்டீன்காரர் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க பிரிட்ஜ்ல நாளைக்கு வரைக்கும் ஒரு தட்டு காலி பண்ணித் தர முடியுமா?"

"என்னம்மா வைக்கப் போறே?"

"ஒருத்தருக்கு வேண்டிய கண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். தோளில் இருந்த பெட்டியைப் பார்த்தார். துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாடை வருமா?"

"வராதுண்ணே."

"அப்ப வைம்மா" என்று பிரிட்ஜைத் திறந்து, பால் பாக்கெட்டுகளை ஓரமாக நகர்த்தினார்.